மலைபடுகடாமும் மலைவழி போவோரும்

சில வாரங்களுக்கு முன்னர், லாபிஸ் ரயில் நிலையத்தை அடுத்த ஒரு தேநீர்க் கடையில் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். முதுகில் பை சுமந்து, காடு மலைகளில் இரண்டு மூன்று நாள் நடந்து வரும் பழக்கம் உடையவர்கள் அவர்கள். லெடாங் மலை ஏறியிருக்கின்றனர். பெக்கோக் வழியே செலாய்க் காட்டுக்குப் போக ஆயத்தமாய் இருந்தனர். "ஐயா, மலையில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம் தமிழில் உண்டா? எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இங்கிலீஷிலும் மலாயிலுந்தான்" என்றனர். நாம் சிறிதும் யோசியாமல் "இல்லை" என்று கூறிவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே நாம் கூறியது பெரும் பிழை என்பது நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு நூல் இருக்கின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்து வருகின்றது.

அதன் பெயரைத் தமிழ் படித்தவர் யாவரும் அறிவர். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு, 583 அடி, பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாடப்பெற்றவன் செங்கண்மாவில் இருந்த நன்னன், வேறு பெயர் கூத்தராற்றுப்படை. இவ்வளவையும் ஒப்பித்துவிட்டால் பரீட்சையில் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்கு மேல் மலைபடுகடாத்தைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பழந்தமிழரின் இசைக்கருவிகள் எவை என்று பட்டியல் எழுதுவோர் அதன் தொடக்கத்தைப் பார்ப்பர். தமிழரின் விருந்தோம்பலைப் பற்றி மேடையில் முழங்குவோர் நடுவில் சில அடிகளைப் பிய்த்தெடுப்பர். அந்தப் பாட்டு எதற்காக எழுந்ததோ, அதாவது மலைவழி போகிறவனுக்கு வழி சொல்வதற்காக, அதற்காக அதனை எவரும் படிப்பதாகத் தெரியவில்லை.

தமிழில் மலையைப் பாடாத புலவர் இல்லை. ஆனால் அவர்கள் பாடிய மலைகளில் ஒருவர் காலும் வழுக்குவதில்லை. குற்றாலக் குறவஞ்சியைப் பாருங்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் சொல்லழகுக்கு ஈடு சொல்வது கடினம். ஆயினும் அந்த மலை தூரத்தில் நின்று பார்ப்பதற்குரிய மலை. அருவியும் மந்தியும் மேகமும் கண்ணுக்கு விருந்து. பை சுமந்து ஏறுவதற்கு அங்கே ஒரு பாதையைக் காணோம். பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு படி மேலே போகின்றார். திருநாவுக்கரசர் கயிலை நோக்கிப் போகும்போது கால் தேய்கின்றது, கை தேய்கின்றது, மார்பால் ஊர்ந்து போகின்றார். மலைப்பயணத்தில் உடம்பு படும் பாட்டை அத்தனை நேராகச் சொன்ன இடம் நம் இலக்கியத்தில் வெகு குறைவு. அடுத்து நிகழ்வது என்ன? ஒரு குளத்தில் மூழ்குகின்றார், திருவையாற்றில் எழுகின்றார். பக்திக்கு அது பொருந்தலாம். இரவு எட்டு மணிக்கு மழையில் வழி தவறியவனுக்கு எந்தக் குளத்தைக் காட்டுவது?

பெருங்கௌசிகனார் குளத்தில் மூழ்கச் சொல்லவில்லை. வழியைச் சொல்கின்றார்.

முதலில் அவர் யாரிடம் பேசுகின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். நன்னனிடம் பரிசு பெற்று மீளும் ஒரு கூத்தன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்திடம் பேசுகின்றான். அந்தக் கூட்டத்தில் ஆடவரும் விறலியரும் உண்டு. முழவும் யாழும் கொம்பும் தாளமும் பைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு சுருக்கிக் கட்டித் தோளில் தொங்கவிட்ட அந்தப் பைகள், கார்காலத்துப் பலாமரத்தில் தொங்கும் காய்க்குலை போலிருக்கின்றன என்கின்றார் புலவர். இந்த உவமையை அழகு என்று பாராட்டிவிட்டுப் போவார் பலர். சுமந்து நடந்தவனுக்கு அதில் ஒரு தொழில் நுட்பம் தெரியும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டாவது மைலில் தோள் கழன்றுவிடும். பாட்டு முழுமையும் சுமப்பவனிடம் சொல்லப்படுகின்றது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் செய்தி. பல்லக்கில் போகிறவனுக்கு இத்தனை அறிவுரை தேவைப்படாது.

இனி, அவன் சொல்லும் வழியைக் கேளுங்கள். காட்டுப் பன்றிக்காக ஒடுங்கிய தடங்களில் கல்லாலான பொறிகள் வைத்திருப்பார்கள். ஆதலால் இருளில் கிளம்பாமல் நன்றாக விடிந்தபின் போங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். மரத்தின் மறைவிலே நடந்து தப்புங்கள். குண்டுக் கயங்களின் ஓரத்தில் சேறும் பாசியும் மூடிக் கால் தளரச் செய்யும் இடங்கள் உண்டு. பக்கத்தில் வளர்ந்தவற்றைப் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடந்து போங்கள். மயில் அகவுவதையும், மந்தி தாவுவதையும், உயர்ந்த பாறையில் தேனடை தொங்குவதையும் பார்த்தபடியே நடவாதீர்கள். வரிசையாகச் செல்லும் உங்கள் அடிகள் நெறி மாறிவிடும். இரவில் கற்குகையில் ஒருங்கே தங்கி, விடியலில் எழுந்து போங்கள்.

காட்சியில் மயங்கிக் கால் தவறுவோர் இன்று நாள்தோறும் பெருகி வருகின்றனர். கையில் படப்பெட்டியோடு கூடிய தொலைபேசி வேறு வந்துவிட்டது. மலையழகை வருணிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு புலவர், நடக்கும்போது அழகைப் பாராதே என்று கூறினாரெனில், அவர் மலையில் நடந்தவரே என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

மேலும் இரண்டு இடங்கள் உள. இவ்விரண்டுக்காக மட்டுமே இந்த நூலை ஒவ்வொரு மலைவழிப் பையிலும் வைக்கலாம். மலையிலேயே பிறந்த குறவரும் மயங்கும்படியான இடத்தில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? அலையாதீர்கள், அகன்றதொரு பாறையில் எல்லோரும் கூடி நின்று உங்கள் கருவிகளை முழக்குங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து, உண்ணக் கனி கொடுத்து, முன்னே நடந்து வழி காட்டுவார்கள் என்கின்றான் அந்தக் கூத்தன். இன்று காடு காக்கும் அதிகாரிகளும் மீட்புப் படையினரும் வழி தவறியவர்க்குச் சொல்லும் முதற் பாடம் யாது? இருந்த இடத்தில் இரு, திறந்த இடத்துக்கு வா, கூட்டம் கலையாதே, ஊதலை ஊது என்பதுதான். முழவுக்குப் பதில் ஊதல் வந்திருக்கின்றது. வேறு மாற்றம் இல்லை.

மற்றோர் இடம், வழிகள் பலவாய்ப் பிரியும் கவலை. முன்பு இந்நிலத்தை அறியாத புதியவர்கள் நீங்கள். ஆதலால் சந்தியைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுப் போங்கள் என்கின்றான். முன் போகிறவன் பின் வருகிறவனுக்காகப் புல்லை முடிகின்றான். வறுமையால் பிறர் வாசலை நாடிப் போகும் ஒரு கூட்டத்துக்குப் புலவர் இட்ட கடமை இது.

இந்நூலின் மதிப்பு நமக்கு நன்கு விளங்க வேண்டுமானால், நம் பக்கத்து மலையைப் பற்றி எழுதிய வேறு இரண்டு நூல்களோடு ஒப்பிட வேண்டும். லாபிஸுக்கு மேற்கே, மலாக்கா எல்லையில் நிற்கும் லெடாங் மலை 1,276 மீட்டர் உயரம் உடையது. ஜொகூர் மாநிலத்தில் அதனினும் உயர்ந்த மலை இல்லை. மலாய் இலக்கியத்தின் தலைசிறந்த நூலாகிய செஜாரா மெலாயுவில் அந்த மலையேற்றம் ஒன்று வருகின்றது. லெடாங் மலை இளவரசியை மணம் பேசச் சுல்தான் மஹ்மூத் தூது அனுப்புகின்றார். தூதர் மலையின் பாதி ஏறும்போதே கடுங்காற்று வீசுகின்றது. குளிர் பொறுக்க முடியவில்லை. மேகம் கைக்கு எட்டும் போல் தாழ்ந்திருக்கின்றது. லக்சமானாவாகிய ஹங் துவாவும் கீழே நின்றுவிட, துன் மாமாட் என்பவர் நன்றாக நடக்கக் கூடிய சிலரோடு மேலே போகின்றார். மலை ஏறும்போது வானம் முகம் மாறுவதை அந்த ஆசிரியர் அழுத்தமாகவே எழுதியிருக்கின்றார். லெடாங் உச்சியில் மஞ்சு கவியும்போது நின்றவர்கள் அது பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆயினும் அங்கே காற்றும் குளிரும் இளவரசியின் வாயிற்காவலர் போல் நிற்கின்றன. வீரன் அவற்றை வென்றால் போதும். மற்றவர் பாதி வழியில் நிற்கலாம். கூட்டத்தைப் பிரித்து வல்லவர் மட்டும் முன்னே போவது கதைக்கு ஏற்றது. மழைநாளில் மலையில் அதனினும் கேடான யோசனை வேறு இல்லை. முழவு சுமந்தவனும் விறலியும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும் என்ற கூத்தனின் சொல் இவ்விடத்தில் உயர்ந்து நிற்கின்றது.

மற்றொரு நூல் இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதி 1869இல் வெளிவந்த மலாய்த் தீவுக்கூட்டம். 1854இல் அவர் மலாக்காவிலிருந்து லெடாங் மலைக்குப் போனார். அக்காலத்து ஆங்கிலேயர் அதனை ஓஃபிர் என்பர். அட்டை கடித்ததை அவர் மறைக்கவில்லை. ஒன்று கழுத்தருகே கடித்துப் பெரிய இரத்தக் குழாயைத் தப்பியது என்று எழுதுகின்றார். பாடாங் பாத்துவில் நீர் கிடைக்கும் என்று நம்பிப் போய், கிடைக்காமல், கெண்டிச் செடிகளின் குடுவைகளில் பூச்சி மிதக்கும் நீரைப் பருகித் தாகம் தணித்ததையும் எழுதுகின்றார். மலாய்க்காரர் அச்செடியைப் பெரியுக் கெரா, அதாவது குரங்குச் சட்டி, என்பர். உண்மைக்கு அஞ்சாத எழுத்து இது. ஆனால் அவருடைய மூட்டைகளைச் சுமந்து போனவர் ஆறு மலாய்க்காரர். அவர்களுடைய பெயரை அப்பக்கங்களில் காணோம். பெரணி வகைகளுக்குப் பெயர் இருக்கின்றது, சுமந்தவனுக்கு இல்லை. நம் பாட்டன்மாரும் இந்நாட்டில் சுமந்தவர்களே ஆதலால் இது நம் கண்ணில் உறுத்துகின்றது. மலைபடுகடாத்திலும் கூத்தர்க்குப் பெயர் இல்லைதான். ஆனால் அங்கே கேட்பவன் சுமப்பவன். சொல்பவனும் சுமந்து போய் மீண்டவன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. இந்தப் பாட்டில் எல்லா வழியும் நன்னன் வாயிலிலே போய் முடிகின்றது. வழியில் கண்ட ஒவ்வோர் ஆபத்தும், ஒவ்வொரு குறவர் குடியின் விருந்தும், இறுதியில் அரசனின் கொடைக்குத் தோரணமாகி விடுகின்றன. கூட்டத்தில் ஒருவராவது விழுந்து கால் முறிந்ததாகவோ, திரும்பிப் போவோம் என்று சொன்னதாகவோ இல்லை. திரும்புவதும் மலையறிவில் ஒரு பகுதி; பரிசிலை நாடிப் போகும் கூத்தனுக்கு அந்த அறிவுரை பிடிக்காது போலும்! மழையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மழை பெய்து ஓய்ந்தபின் பாறையும் கயக்கரையும் என்ன ஆகும் என்பதில் புலவரின் கண் கூர்மையாக நிற்கின்றது. பெய்யப் போகும் மழையை எப்படி அறிவது என்பதில் அத்துணை நிற்கவில்லை. செங்கம் அருகிலுள்ள இன்றைய பர்வதமலையே அந்த நவிரமலை என்பர். அங்கு அது போதுமாக இருந்திருக்கலாம். நம் மலைகளுக்கு அது போதாது.

ஏன் போதாது என்பதை நாமே கண்டோம். "இல்லை" என்று சொன்ன பிழைக்குக் கழுவாயாக அந்த நால்வரோடு செலாய்ப் பக்கம் நாமும் போனோம். (நமது முழங்கால்கள் இன்னும் அதனை மறக்கவில்லை.) எண்டாவ் ரொம்பின் காட்டின் மேற்கு வாயில் அது. 1985, 86ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கத்தார் அக்காட்டை ஆராய்ந்தனர். ஜொகூரின் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஜக்கூன் மக்கள் அங்கு வாழ்கின்றனர். நமக்கு வழி காட்டியவரும் அவர்களில் ஒருவரே. பிற்பகல் மூன்று மணி அளவில், முழங்கால் ஆழமே உள்ள ஒரு தெளிந்த ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாய் இருந்தது. அவர் கடக்க விடவில்லை. மேல் திசையில் மலைமுகட்டைக் காட்டினார், அங்கே இருண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கோபம், கடந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கூடாரம் அடிக்கலாமே என்றனர். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கல்லின் மேல் அமர்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். சற்று நேரத்தில் நீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நிறம் தேநீர் போல் ஆயிற்று. பிறகு ஓசை கேட்டது. முழங்கால் ஆழம் மார்பளவு ஆனதை நாம் கரையில் நின்றே பார்த்தோம்.

மலாயில் இதனைக் கெப்பாலா ஆயிர், அதாவது நீரின் தலை, என்பர். மலையுச்சியில் கொட்டிய மழை, சாய்ந்த மரங்களாலும் கற்களாலும் சிறிது நேரம் தடைப்பட்டு, அந்தத் தடை உடைந்ததும் ஒரேயடியாக இறங்குகின்றது. கீழே நிற்பவன் மேல் ஒரு துளியும் விழுந்திராது. 2021 ஆகஸ்ட் 18இல் கெடாவின் ஜெராய் மலையில் இப்படி இறங்கிய வெள்ளத்தில் யான் வட்டாரத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். நம் லாபிஸுக்கும் வெள்ளம் புதிதன்று. 2023 மார்ச் தொடக்கத்தில் சிகாமட், சாஆ, லாபிஸ் எங்கும் நீர் நின்றதைப் படிப்பவர் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது தணிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. அதன் பிறகு விடியற்காலையில் நீரிணையைக் கடந்து பாயும் சுமத்ராக் காற்று. இந்த மலைகளுக்கு இன்ன மாதம் நல்ல மாதம் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இந்த வானத்தைப் படிக்கத் தெரிந்த தமிழர் இல்லாமல் இல்லை. ரப்பர்த் தோட்டங்களில் பெரட்டுக் களத்துக்கு இருட்டில் போய் நின்றவர்கள் அவர்கள். விடியுமுன் மழை தொட்டு மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாது, பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அன்று மரம் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆதலால் காற்று எந்தப் பக்கம் திரும்பிற்று, எந்தக் குன்றின் பின்னால் மின்னிற்று, எவ்வளவு நேரத்தில் மழை வரும் என்பதை ஒரு நாள் சோற்றைப் பணயம் வைத்துக் கற்றவர்கள் அவர்கள். லாபிஸ், தெனாங், பெக்கோக் வட்டாரத்தில் செம்பனை வந்து ரப்பர் குறைந்துவிட்டது. அந்த அறிவை உடைய பெரியவர்களும் குறைந்து வருகின்றனர். நம் எழுத்தாளரோ லயத்தையும் கங்காணியையும் கள்ளுக்கடையையும் கண்ணீரையும் எழுதினர். அவை எழுத வேண்டியவையே. அந்தப் பெரியவர் வானத்தை எப்படிப் பார்த்தார் என்பதை எழுதினோமா? பெருங்கௌசிகனார் ஒரு கூத்தனின் வாயால் தம் மலையைச் சொன்னார். நம் மலையைச் சொல்ல வேண்டிய வாய்கள் மூடிக்கொண்டிருக்கின்றன.

பழைய பாட்டும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு நமக்குத் தந்தது பேருதவி. ஆனால் அந்த உரையைப் பையில் வைத்து மலை ஏற முடியாது. அடிகளை முன்னும் பின்னுமாக எங்கெங்கோ கொண்டுபோய் இணைக்கும் உரையாசிரியரின் முறையை மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கண்டித்தது நியாயமே. வழி சொல்லும் பாட்டிலேயே வழி தவறச் செய்தால் படிப்பவன் என்ன செய்வான்? வழிப்பகுதியை மட்டும் எளிய உரைநடையாக்கி, ஒரு பக்கம் பாட்டும் எதிர்ப்பக்கம் இந்நாட்டு மலைகளுக்கான குறிப்புமாக, முப்பது நாற்பது பக்கத்தில் ஒரு சிறு நூல் வர வேண்டும். எழுதத் தக்க புலவர்கள் நம் பட்டணங்களில் இருக்கின்றனர். சொல்லத் தக்க பெரியவர்கள் தோட்டத்தில் இருக்கின்றனர். இருவரும் ஒரே கடையில் தேநீர் அருந்தியும் பேசிக்கொள்வதில்லை.

அன்று வெள்ளம் வடியும்வரை கரையிலேயே தங்கினோம். இரவில் கூடாரத்துள் கைவிளக்கின் ஒளியில், குறவரும் மயங்கும் குன்றத்தைப் பற்றிய இடத்தை அந்தப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிப் பொருள் சொன்னோம். மறுநாள் காலை நீர் இறங்கிற்று, ஓடையைக் கடந்தோம். தடம் இரண்டாய்ப் பிரிந்த இடத்தில் ஜக்கூன் நண்பர் ஓர் இளங்கிளையை ஒடித்து, போகும் பக்கம் சாய்த்து வைத்தார். நால்வரில் இளையவன் ஏனென்று மலாயில் கேட்டான். "பின்னால் யாராவது வருவார்களே" என்றார் அவர். பையன் நம்மைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இதுவும் அந்தப் பாட்டில் இருக்கிறதா?" என்றான்.

இருக்கிறது என்றோம்.